பள்ளியைப் பார்க்கப் போனால் குழந்தைகளின் கைகளைப் பாருங்கள்

மூன்றரை வயதுப் பிள்ளையோடு கோடு போட்ட நோட்டையும் தூக்கிக்கொண்டு பெற்றோர் என்னிடம் வருவது அடிக்கடி நடக்கிறது. "இவனுக்கு எழுத வரலைன்னு மிஸ் சொல்றாங்க. கையில ஏதாவது பிரச்சினையான்னு பாருங்க" என்பார்கள். நோட்டைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருக்கும். என் மேஜையில் பென்சிலைப் பார்த்ததுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

குழந்தைகளின் உடலியக்க வளர்ச்சிக்குச் சிகிச்சை தருவது என் வேலை. இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் கையில் நான் எந்தக் குறையும் கண்டதில்லை. அந்தக் கை இன்னும் எழுதத் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

பார்த்து வரைவதில் ஒரு வரிசை இருக்கிறது. ஏறக்குறைய 3 வயதில் வட்டம் வரும், 4 வயதில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம். சாய்கோடுகள் சேர்ந்த முக்கோணம் வர 5 வயதாகும். இப்போது 'அ'வை நினைத்துப் பாருங்கள். சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் சேர்ந்து வர வேண்டும். மூன்று விரல்களால் பென்சிலைப் பிடித்து, தோளை அசைக்காமல் விரல்களை மட்டும் நகர்த்தும் பிடி பெரும்பாலும் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில்தான் கைகூடும். அதற்கு முன் வற்புறுத்தினால் பிள்ளை பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துப் பழகிவிடும். அந்தப் பிடியைப் பிறகு மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும்.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சேர்க்கைக்குப் போகும் நாமே "எப்போ எழுத ஆரம்பிப்பாங்க?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் அந்த நோட்டு.

ஆகவே, பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில் பள்ளியைப் பார்க்கப் போகாதீர்கள். வகுப்பு நடக்கும்போது அரை மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். உட்கார்ந்ததும் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். களிமண் பிசைகிறார்களா, மணி கோக்கிறார்களா, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா, கம்பியைப் பிடித்து ஏறுகிறார்களா? எழுதப்போகும் கைக்கு இவைதான் முதல் பாடம். சுவரில் ஒட்டிய படங்களையும் கவனியுங்கள். இருபது படங்களும் ஒரே அச்சாக இருந்தால் பெரியவர்கள் கை வைத்திருக்கிறார்கள்.

'மாண்டிசோரி' என்ற பலகையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். பல நாடுகளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முறையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். தனக்குப் பிடித்த வேலையில் நெடுநேரம் இடையூறின்றி மூழ்கலாம். எழுத்தும் அங்கே உண்டு. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவிப் பழகிய பிறகுதான் பென்சிலால் எழுதுவது. பலகை இருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தால் அது பெயர் மட்டும்தான்.

கால அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், டிவி, போன் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. காலை முழுக்க நாற்காலியிலேயே கழிந்தால் அந்த 180 நிமிடம் எங்கிருந்து வரும்?

யாராவது ஒரு பிள்ளை அழும்வரை காத்திருங்கள். கட்டாயம் அழும். அப்போது ஆசிரியர் குனிந்து முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா, நின்ற இடத்திலிருந்தே அதட்டுகிறாரா? எனக்கு இது கட்டடத்தைவிட, பாடத்திட்டத்தைவிடப் பெரிய விஷயம். முதல் சில நாட்கள் பெற்றோர் கூட இருக்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. பிள்ளை ஒரு கையைப் பயன்படுத்தவே தயங்கினாலோ, அடிக்கடி தடுமாறி விழுந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, பள்ளி மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டோடு வந்த ஓர் அம்மா, நான் சொன்னபடி வேறொரு பள்ளியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன் செய்தார். "ஒரு பொண்ணு தண்ணியக் கொட்டிடுச்சுங்க. டீச்சர் திட்டவே இல்ல. ஒரு துணிய எடுத்து அது கையில குடுத்தாங்க. அதுவே உக்காந்து துடைச்சுது, பிழிஞ்சுது, மறுபடி துடைச்சுது." பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டார்.