பழைய புத்தகத்தைச் சரிசெய்து கொண்டுவராதீர்கள்

சென்ற வாரம் ஒருவர் மதிப்பிடுவதற்காக என்னிடம் கொண்டுவந்த நாவல், முதல் பதிப்பின் முதல் அச்சு. தாள்கள் தெளிவாக இருந்தன; தையலும் தளரவில்லை. ஆனால், அட்டையைச் சுற்றியிருந்த, கிழிந்துபோன தாள் மேலுறையைக் குப்பை என்று கருதித் தூக்கியெறிந்துவிட்டு, விரிசல் கண்ட முதுகின் மேல் நீளவாக்கில் செலோடேப்பை ஒட்டி, அட்டையை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து எடுத்து வந்திருந்தார். அவரிடம் விலையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இவ்வாண்டில் இப்படி வந்தவை எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

இருபதாம் நூற்றாண்டு நாவல்களின் முதல் பதிப்புகளில் விலையின் பெரும்பகுதி பல நேரங்களில் அந்த மேலுறையில்தான் இருக்கிறது. வாங்கியவர்கள் படித்துவிட்டு அதை எறிந்துவிட்டதால்தான் எஞ்சியவை அரிதாயின. ஓரம் கிழிந்த மேலுறையும் மேலுறைதான்.

கிழிசலை ஒட்டிவிட்டால் நூலின் மதிப்பு உயரும் என்ற நம்பிக்கைதான் நான் காணும் பிழைகளிலேயே மிகப் பெரும் சேதத்தை விளைவிப்பது. கிழிசல் என்பது சீர்செய்யக்கூடிய நிலை. பயிற்சி பெற்ற நூல் பாதுகாப்பாளர் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் கொண்டு அதை இணைப்பார். தேவைப்பட்டால் பின்னாளில் ஈரம் காட்டி அந்த இணைப்பைப் பிரிக்கவும் முடியும். செலோடேப் அப்படிப்பட்டதன்று. அதன் பசை சில ஆண்டுகளில் இளகித் தாளின் நார்களுக்குள் இறங்குகிறது, காற்றுபட்டு மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது, இறுதியில் மேலுள்ள படலம் தானே உதிர்ந்துவிட, கறை மட்டும் தங்கிவிடுகிறது. கரைப்பான்களைக் கொண்டு முயன்றாலும் அந்தக் கறை முழுதும் நீங்குவது அரிது. ஆகவே, கிழிந்த நூலுக்கு ஒரு குறை என்றால், ஒட்டிய நூலுக்கு இரண்டு குறைகள். அட்டைக்குப் பூசும் மெருகெண்ணெய், முன்தாளில் உள்ள பழைய பெயரை அழிப்பது, ஓரங்களை வெட்டிச் சீராக்குவது ஆகிய அனைத்துக்கும் இதுவே பொருந்தும்.

பழமை மட்டுமே விலையாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய அச்சின் தொடக்க காலமாகிய 1500 வரை அச்சான நூல்களை வணிகர்கள் தனி வகையாகவே கருதுகிறார்கள். அதன் பின்னர் வந்தவற்றில் எத்தனை படிகள் எஞ்சின, எவர் தேடுகிறார், எந்த நிலையில் உள்ளது என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. பெருந்தொகையில் அச்சிடப்பட்ட சமய நூல்களும் சில தொகுதிகள் இல்லாமற்போன கலைக்களஞ்சியங்களும் நூறாண்டு கடந்தும் மலிவாகவே கிடைக்கின்றன. தாளின் தோற்றமும் வயதைக் காட்டாது: கந்தல் துணிக்கூழில் செய்த முந்நூறு ஆண்டுத் தாள் இன்றும் வளைந்து கொடுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளோ தன் அமிலத்தாலேயே நொறுங்குகிறது.

நான் முதலில் பார்ப்பது தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும். அங்கே ‘10 9 8 7…’ என்பதுபோல் எண்வரிசை இருந்தால், பெரும்பாலும் அதில் உள்ள மிகச் சிறிய எண்ணே அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். பின்னர்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணுவேன், ஏனெனில் சட்டமிடுவதற்காக வெட்டியெடுக்கப்பட்ட படத்தாள்களை எவ்வளவு அழகிய கட்டும் ஈடுசெய்யாது. வணிகர் பட்டியலில் ‘குட்’ என்று இருந்தால் ஏமாறாதீர்கள்; எங்கள் வழக்கில் அது ‘ஃபைன்’, ‘வெரி குட்’ ஆகியவற்றுக்குக் கீழே, தேய்ந்திருந்தாலும் முழுமையாக உள்ள நூலைக் குறிக்கும். விலை அறிய, கேட்கப்படும் தொகைகளை விட்டுவிட்டு, விற்று முடிந்த தொகைகளைத் தேடுங்கள்.

நூலை முதுகின் மேல்விளிம்பில் விரலிட்டு இழுக்காதீர்கள்; இரு பக்கத்து நூல்களையும் உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுங்கள். கழுவி நன்கு உலர்த்திய கையே போதும். பருத்திக் கையுறை விரலின் உணர்வைக் குறைத்துத் தாளைக் கிழிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பளிச்சென்ற பச்சைத் துணிக்கட்டு மட்டும் விதிவிலக்கு: அதன் நிறமியில் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்பதால் நைட்ரைல் கையுறை அணியுங்கள். பூஞ்சை வாடை வீசும் நூலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

மேலுறையிலிருந்தோ முதுகிலிருந்தோ துண்டுகள் உதிர்ந்திருந்தால், அருள்கூர்ந்து எறிந்துவிடாதீர்கள். விரல்நகம் அளவே இருந்தாலும் ஒரு காகித உறையில் இட்டு நூலுடன் கொண்டுவாருங்கள். அவற்றை உரிய இடத்தில் மீண்டும் பொருத்த முடியும்.