டிடி ஊசியும் ஐம்பது தாண்டிய ஆண்களும்

மண்வெட்டி பட்ட காலில் காபித்தூளை அப்பிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் ஐம்பது தாண்டிய ஆண்கள் அதிகம். "கடைசியா எப்ப டிடி போட்டீங்க ஐயா?" என்று ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) அந்தத் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டால், "சின்ன வயசுல போட்டிருப்பாங்க" என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-க்குப் பிறகுதான் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது.

அதே வீட்டு அம்மாவைக் கேளுங்கள். "மூத்தவன் வயித்துல இருக்கப்ப ரெண்டு ஊசி" என்று சட்டென்று பதில் வரும். கர்ப்பிணிகளை விடாமல் தேடிப்போய்ப் போட்டதும், பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சேர்ந்துதான் தாய்க்கும் பச்சிளம் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை 2015-இல் ஒழித்தன. ஆண்களுக்கு அப்படியொரு வாசல் இல்லை. தேசிய அட்டவணையில் 10, 16 வயதில் டிடி. அதன்பிறகு கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் காயம் பட்டால் உண்டு.

ரணஜன்னி ஆளுக்கு ஆள் ஒட்டுகிற நோய் இல்லை. கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. அதனால் ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒருமுறை வந்து பிழைத்தாலும் மறுபடி வரலாம்.

இன்னொரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்று சிராய்ப்புக்கெல்லாம் வந்து நிற்கும் பைக் இளைஞர்கள். சிறுவயது ஊசிகளை முறையாகப் போட்டவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒன்று போதும். மண், துரு, சாணம் பட்ட காயமென்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா என்று பார்ப்போம். அவ்வளவுதான்.

சிக்கல் போடாதவர்களிடம். காயம் பட்ட அன்று போடும் ஒரே ஊசி அந்தக் காயத்துக்கு உடனே பாதுகாப்பு தராது. ஆழமான, அழுக்கான காயமென்றால் உடனே காக்கும் ஆயத்த எதிர்ப்புப்புரத ஊசியான இம்யூனோகுளோபுலினும் தேவை. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். இரண்டாவது டிடி ஒரு மாதம் கழித்து, மூன்றாவது அதிலிருந்து ஆறு மாதம் கழித்து. இங்கேதான் ஆள் காணாமல் போகிறார். "புண்ணுதான் ஆறிடுச்சே, டாக்டர்!"

எங்கள் செவிலியர் இப்போது ஒன்று செய்கிறார். சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவரென்றால், அடுத்த ஊசித் தேதியை அந்த மாத்திரை நோட்டிலேயே சிவப்புப் பேனாவால் எழுதிவிடுகிறார். ஊசியை மறந்தாலும் மாத்திரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? சுகர்காரர்களுக்குக் காலில் ஆறாத புண் இருந்தால், அது வழியாகவும் ரணஜன்னி வரும் என்பதால் முதலில் அவர்கள் நோட்டைத்தான் புரட்டுகிறார்.