இரண்டு சித்தூர்களும் மானியம் என்ற சொல்லும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் செய்தித்தாளில் "பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை மீது விவாதம்" என்ற தலைப்பைப் படித்துவிட்டு வரும் மாணவர், "மானியம் வேண்டும் என்று கோருவது யார் சார்? பள்ளிக்கூடங்களா, பெற்றோர்களா?" என்று கேட்கிறார். கோருவது அரசு என்றும், அதைத் தருவது மக்கள் தேர்ந்தெடுத்த பேரவை என்றும் சொன்னால் அவரால் எளிதில் ஏற்க முடிவதில்லை. பிள்ளையிடம் தவறு இல்லை. மானியம் என்ற சொல்லைக் கேட்டதும், மேலே ஒருவர் அமர்ந்து கொடுக்கிறார், கீழே ஒருவர் நின்று வாங்குகிறார் என்ற காட்சியே நம் எல்லோர் மனத்திலும் எழுகிறது. கல்விக்கும் நலத்திட்டங்களுக்கும் அரசு இன்னும் கூடுதலாகச் செலவிட வேண்டுமா என்ற விவாதம் நடக்கும் போதெல்லாம் இந்தக் காட்சி குறுக்கே வந்து நிற்பதால், சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்பது தேவையாகிறது.

மானியம் வடமொழியில் மான்ய என்பதன் தமிழ் வடிவம். மதித்தல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு 'மதிக்கத் தக்கது' என்பதே முதற்பொருள். சன்மானம், வெகுமானம், அபிமானம் ஆகியவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவமானமும் அங்கிருந்து வந்ததுதான். வருமானம், பெறுமானம், கட்டுமானம் போன்றவற்றை இந்த வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. அவற்றில் வரு, பெறு, கட்டு என்ற தமிழ் வினைகளோடு ஒட்டி நிற்கும் மானம் வெறும் விகுதி. மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மதிப்பைக் குறித்த சொல் எப்படிப் பணத்தைக் குறிக்க வந்தது என்பதை அறிய, இன்னொரு சித்தூருக்குப் போக வேண்டும். ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் வாழும் தமிழரிடம் மான்யம் என்றால் அவர்கள் முதலில் நினைப்பது நிலத்தை. கோயில் மான்யம், மங்கலி (முடிதிருத்துபவர்) மான்யம் என்று தெலுங்கில் வழங்குவது, கோயிலுக்கோ ஊர்ப்பணி செய்த குடிக்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலம். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் எல்லா வரியும் நீங்கிய கொடை 'சர்வமான்யம்' என்று குறிக்கப்படுகிறது. ஒருவரையோ ஒரு பணியையோ மதித்து விட்டது என்பதால் அது மான்யம். சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் இந்த நிலங்களின் உரிமையை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. ஆந்திரப் பகுதியில் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் இனாம் முறையை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலமாக, மாற்றின. நிலமுறை போன பிறகும் பெயர் போகவில்லை. (தெலுங்கில் குறிலோடு வரும் 'மன்யம்' வேறு சொல், அது மலைநாட்டைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதுவோர் உண்டு.)

பாலக்காட்டுச் சித்தூரிலோ நிலைமை வேறு. மலையாளத்தில் மாந்யன் என்றால் மரியாதைக்குரியவர். மாந்யத என்றால் கண்ணியம். வேரின் முதற்பொருள் அங்கே சிதையாமல் நிற்கிறது. விலைச் சலுகையை மலையாளிகள் சப்சிடி என்கிறார்கள். பள்ளிக்கு வருவதைக் கிராண்ட் என்கிறார்கள். பட்டியலினப் பிள்ளைகளுக்கு வரும் 'லம்ப்சம் கிராண்ட்' என்ற தொடரை இங்குள்ள தமிழ்த் தாய்மார்களும் அப்படியே சொல்வார்கள். ஆந்திரச் சித்தூரில் சப்சிடிக்கு ராயிதி என்ற பெயர் உண்டு. அரபியிலிருந்து உருது வழியாக வந்த அச்சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் பரிவு, கவனிப்பு என்பதே. ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு ஊர்களில், ஒன்றில் நிலமாகவும் மற்றொன்றில் கண்ணியமாகவும் இருக்கும் சொல், இரண்டுக்கும் இடைப்பட்ட தமிழ்நாட்டில் மட்டும் உரத்துக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் வீட்டுக்கும் வரும் பணமாக மாறியிருக்கிறது.

மான்யம் வருவதற்கு முன் தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. இறை என்றால் வரி. வரி இல்லாத நிலம் இறையிலி. திருவிதாங்கூரில் அதைக் கரமொழிவு என்றார்கள். எந்தப் பணிக்காக விடப்பட்டது என்பதைப் பெயரிலேயே காட்டும் வழக்கமும் இருந்தது: பள்ளி எனப்பட்ட சமண வழிபாட்டிடத்துக்கு விட்டது பள்ளிச்சந்தம், உண்பிக்கும் சாலைக்கு விட்டது சாலாபோகம், பாரதம் வாசிப்பவருக்கு விட்டது பாரதப்பங்கு. கல்விக்கு விட்ட கொடைக்கு நம் எல்லைப் பகுதியிலேயே தெளிவான சான்று இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டளவில் கோயிலோடு ஒரு சாலையையும், அதாவது கல்விக்கூடத்தையும், நிறுவி, 95 மாணவர் தங்கிப் பயில நிலம் ஒதுக்கினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது அது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் அவர்களுக்கான நிலமும் செப்பேட்டில் எழுதப்பட்டிருப்பதால், அதை வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பத்தி போலவே நான் படிக்கிறேன். அங்கே படித்தவர்கள் குறிப்பிட்ட ஒரு பிரிவினர் மட்டுமே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லோருடைய கல்விக்கும் அரசு செலவிட வேண்டும் என்ற கருத்தும் இந்த எல்லையில்தான் மிக முன்னரே எழுத்தில் ஏறியது. 1817-இல் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று கூறுகிறது. ஆணை சொன்னதெல்லாம் உடனே நடந்துவிடவில்லை என்றாலும், அதில் ஒருவருக்குக் காட்டும் சலுகை என்ற தொனி இல்லை. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை வேறு முறையைக் கொண்டுவந்தது. தனியார் நடத்தும் பள்ளிக்கு, சில நிபந்தனைகளின்மேல், அரசு ஒரு பங்கு உதவி செய்யும்; இதுவே உதவி மானியம். சென்னை மாகாணத்தில் ஆய்வாளர் வந்து பிள்ளைகளைத் தேர்வு செய்து, தேறியவர் தொகையைப் பொறுத்துப் பணம் கொடுக்கும் முறையும் இருந்தது. நிலமாக இருந்த மானியம் இவ்வாறு பணமாயிற்று. மதித்து விட்டது என்ற பொருள் மங்கி, சோதித்துக் கொடுப்பது என்ற பொருள் ஏறியது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் அரசருக்குப் போருக்கும் பிற செலவுக்கும் பணம் தேவைப்பட்டபோது, அவர் நாடாளுமன்றத்திடம் கேட்டார். நாடாளுமன்றம் வரி விதிக்க இசைந்து அவருக்குக் கொடுத்தது. அப்படி மக்கள் அரசருக்குக் கொடுத்த வரிப்பணத்துக்குத்தான் அந்நாட்டில் சப்சிடி என்று பெயர். இன்று அரசு மக்களுக்குக் கொடுப்பதற்கு வழங்கும் அதே சொல், அன்று எதிர்த்திசையில் ஓடியது. கிராண்ட் என்ற சொல்லின் வேரோ நம்பிக்கை வைத்தல், நம்பி ஒப்படைத்தல் என்ற பொருளுடையது. அந்த மரபு நம் அரசியலமைப்பின் 203-ஆம் உறுப்பில் இருக்கிறது. செலவு மதிப்பீடுகள் சட்டப்பேரவையின் முன் கோரிக்கைகளாக வைக்கப்பட வேண்டும். பேரவை அவற்றுக்கு இசையலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து இசையலாம். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்தக் கோரிக்கையும் வைக்க முடியாது. கோருபவர் அமைச்சர், தருபவர் உறுப்பினர்கள். மானியக் கோரிக்கை என்ற தமிழ்த் தொடரில் இந்தத் திசை தெரியவே இல்லை. மலையாளத்தில் இதை 'தனாப்யர்த்தன', அதாவது பண வேண்டுகோள் என்கிறார்கள். கொடைப்பொருள் கலக்காததால் அது நம் தொடரைவிடத் தெளிவாக இருக்கிறது. தெலுங்கில் 'பத்து', அதாவது கணக்கினம், என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள்.

அந்த உறுப்பை இன்னொரு முறை கவனமாகப் படித்தால் வேறொன்றும் புலப்படும். இசைதல், மறுத்தல், குறைத்தல் என்ற மூன்றுதான் அதில் உள்ளன, கூட்டுதல் இல்லை. பள்ளிகளுக்கு இன்னும் பணம் வேண்டும் என்று ஓர் உறுப்பினர் ஒரு மணி நேரம் பேசினாலும், அவர் கொண்டுவரக்கூடியது வெட்டுத் தீர்மானம் மட்டுமே. மக்களவை விதிகளின்படி, கொள்கையை ஏற்காதவர் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கக் கோருவார்; ஒரு குறையைச் சுட்ட விரும்புபவர் 100 ரூபாயைக் குறைக்கக் கோருவார். கட்டடம் போதவில்லை, ஆசிரியர் இல்லை என்று சொல்ல விரும்புபவர் அந்தத் துறையின் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லித்தான் அதைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் இதற்குக் 'கண்டனோபக்ஷேபம்' என்று பெயர். வெட்டுதல் என்ற பொருளுடைய அந்த முற்பகுதியும், நாம் எதிர்ப்பைக் குறிக்கச் சொல்லும் கண்டனமும் ஒரே சொல்தான். தொகையைக் கூட்ட வேண்டுமென்றால் அரசே துணைக் கோரிக்கை கொண்டுவர வேண்டும். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966-இல் கோத்தாரி ஆணையம் சொன்னதையே 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்ல நேர்ந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கூட்டும் அதிகாரம் கேட்பவரிடமே இருக்கிறது, கொடுப்பவரிடம் இல்லை என்பதையும் அவற்றோடு வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொல் தெளிவாக இருந்தால் உரிமையும் தெளிவாகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜோசப் முண்டசேரி கேரளக் கல்வி அமைச்சராக இருந்தபோது 1957-இல் வந்த கல்வி மசோதா, உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போய் வந்து, கேரளக் கல்விச் சட்டமாயிற்று. அதன் 9-ஆம் பிரிவு, எயிடட், அதாவது அரசு உதவி பெறும், பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை அரசு நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ கொடுத்தாக வேண்டும் என்கிறது. பள்ளியை நடத்தும் மேனேஜருக்குப் பராமரிப்புக் கிராண்ட் கொடுக்கலாம் என்கிறது. ஒன்றில் கட்டாயம், மற்றொன்றில் விருப்பம். ஊதியத்தை அந்தச் சட்டம் கிராண்ட் என்று அழைக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பணி செய்யும் ஆசிரியரின் சம்பளத்தையும், உர மூட்டைக்குக் கொடுக்கும் விலைக்குறைப்பையும், ஒரு துறைக்குப் பேரவை இசையும் தொகையையும் மானியம் என்ற ஒரே சொல்லில் அடக்கும் நாம், 'மானியச் சுமை' என்று யாராவது எழுதும்போது மூன்றையும் சேர்த்துச் சுமையாக்கிவிடுகிறோம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பழைய பொருளில் மான்யம் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 290-அ உறுப்பின்படி, கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கும், தமிழ்நாட்டு அரசு 13.5 லட்சம் ரூபாயைத் தன்னிடம் அமைந்த தேவசம் நிதிக்கும் தர வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்கான தொகை பின்னது. இது பேரவையின் வாக்குக்கு வராத செலவு. கோரிக்கையும் இல்லை, வெட்டும் இல்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? விலைக்குறைப்புக்கு மானியம் என்பது வேரூன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டியதில்லை. பேரவையின் முன் வைப்பதை 'செலவு இசைவுக் கோரிக்கை' என்றால் யார் இசைகிறார் என்ற கேள்வி தானாகவே எழும். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தருவதற்கு நல்கை என்ற சொல் போதும். பல்கலைக்கழக மானியக் குழுவைப் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. நல்குதல் என்பதற்குக் கொடுத்தல் என்பதோடு அன்பு செய்தல், தலையளித்தல் என்ற பொருள்களும் உள்ளன. வான்சிறப்பில் வள்ளுவர் இச்சொல்லை ஆளும் இடம் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்.

கடலில் முகந்த நீரை மேகம் திரும்பப் பொழியாவிட்டால், அந்தப் பெருங்கடலும் தன் இயல்பில் குன்றும். இங்கே நல்குவது, எடுத்த இடத்துக்கே திருப்புவது. வரியாக எடுத்ததைப் பள்ளியாகத் திருப்புவதற்கு இதைவிடப் பொருந்தும் வினை எனக்குத் தெரியவில்லை.

நல்கை ஏட்டுச் சொல், மக்கள் நாவில் இல்லை என்று மறுப்பார்கள். பொள்ளாச்சியில் அது உண்மையாக இருக்கலாம். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால், நல்குக என்பது மலையாளத்தின் அன்றாட வினை. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் அரசு தனசகாயம் நல்கும் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே, பொதுமக்கள் விண்ணப்பம் நல்க வேண்டிய கடைசி நாளும் எழுதியிருக்கும்.