கடற்கரையில் இருந்தும் தைராய்டு ஏன் வருகிறது?

மீனும் உப்பும் குறைவில்லாத ராமநாதபுரம் கடற்கரையில் அயோடினுக்குப் பஞ்சமில்லையே, தைராய்டு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்விக்குள்ளேயே இரண்டு தப்பு இருக்கிறது.

ஒன்று, வாலிநோக்கம் உப்பளத்தில் காய்ந்து கிடைக்கும் உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். பிறகுதான் சேர்க்கிறார்கள். கடைக்கு வரும்போது அது 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்குக்குக் குறையக் கூடாது என்பது விதி. இரண்டாவது, தைராய்டு சுரப்புக் குறைவு எல்லாமே அயோடின் பற்றாக்குறை அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் வரும். 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

தைராய்டு சுரப்பி செய்யும் வேலையே கொஞ்சம் ஆபத்தானது. சாப்பாட்டில் வரும் அயோடினை அப்படியே ஹார்மோனில் ஒட்ட முடியாது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். ஆமாம், புண் கழுவ ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். அதைச் சுரப்பியின் செல்களே தயாரிக்கின்றன. தைராய்டு பெராக்சிடேஸ் என்ற என்சைம் அதை வைத்து அயோடினைத் தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் ஏற்றுகிறது. வேலை போக மிஞ்சும் பெராக்சைடை உடனே அழித்தாக வேண்டும். அழிக்கும் என்சைம்களில் முக்கியமான சிலவற்றுக்குச் செலினியம் என்ற தாது தேவை. உடலிலேயே எடைக்கு எடை அதிகச் செலினியம் வைத்திருக்கும் உறுப்புகளில் தைராய்டு முன்வரிசையில் நிற்பது இதனால்தான்.

பெராக்சைடு உற்பத்தி கூடி, அழிப்பு பின்தங்கினால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். செல் சவ்வும் டிஎன்ஏவும் சேதமாகும். தைரோகுளோபுலின் உடைந்து, எதிர்ப்பு மண்டலம் அதுவரை பார்த்திராத துண்டுகள் வெளிவரும். மரபிலேயே வாய்ப்புள்ளவருக்கு அங்கிருந்து சண்டை மூளலாம். அந்த பெராக்சிடேஸுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறது. ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டி டிபிஓ' என்று வருவது இதுதான். சண்டைக்கு வரும் வெள்ளணுக்களும் தம் பங்குக்கு இதே மாதிரி ரசாயனங்களைக் கக்கும். அழற்சியால் சேதம், சேதத்தால் மறுபடி அழற்சி. எது முதலில் தொடங்கியது என்று பிரிப்பது கஷ்டம்.

சரி, அயோடினைக் கூட்டினால் தீருமா? இந்த நோயில் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கெல்ப் என்ற குளிர்க்கடல் பாசியின் மாத்திரையோ பொடியோ இதைப் பல மடங்கு தாண்டிவிடலாம். நோன்பு மாதத்தில் நம் பக்கம் காய்ச்சும் கடல்பாசியைக் கண்டு பயப்பட வேண்டாம். அது அகர், கெல்ப்போடு ஒப்பிட்டால் அதில் அயோடின் மிகக் குறைவு.

செலினியம் மாத்திரையால் சில ஆய்வுகளில் ஆன்டிபாடி அளவு இறங்கியிருக்கிறது. ஆனால் ஹார்மோன் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அதை நம்ப முடியாது. அளவு மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். மீன் சாப்பிடுகிறவருக்குச் செலினியம் அதிலேயே கிடைக்கிறது. டாக்டர் எழுதித்தந்த லெவோதைராக்சின் என்ற அந்த ஹார்மோன் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, டீக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.