மறுபடி போதைப் பக்கம் போவானா? கணக்கு போடுறது எப்படின்னா

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுற ஒரு பையன்னு வெச்சுக்கோங்க. கொஞ்சம் கஞ்சாவோட மாட்டிருக்கான், ஆனா அடிமையாயிட்டவன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சதால ஜெயிலுக்கு அனுப்பாம ட்ரீட்மெண்டுக்குன்னு பாண்டுல, அதாவது உறுதி எழுதி வாங்கிட்டு, விட்டிருக்கு (1985 போதைப்பொருள் சட்டம், 39ஆவது பிரிவு, அதுல இதுக்கு வழி இருக்கு). ஊர்ல கேட்டா "அவனா, அவன் எங்க திருந்தப் போறான் மக்கா"ன்னு சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள தீர்ப்பு சொல்லிருவாவ.

மறுபடி விழுவானாங்கிறதைக் கணக்கா பாக்குறவங்க ரெண்டு விஷயத்தைத் தனித்தனியா பிரிக்காங்க. எந்த வயசுல தொடங்கினான், முன்னாடி எத்தன கேஸ், எத்தன தடவ சிகிச்சைய பாதில விட்டான், இதெல்லாம் நடந்து முடிஞ்சது, இனி மாத்த முடியாது. வேலை, கூட்டாளிங்க, வீட்டுச் சண்ட, தூக்கம், கையில காசு, இதெல்லாம் மாறிட்டே இருக்கும். ஒருத்தன் மறுபடி தப்பு பண்ற வாய்ப்பை மார்க் போட்டுப் பாக்க கனடால உருவான எல்எஸ்ஐ-ஆர்ங்கிற படிவத்துல 54 கேள்வி இருக்கு, அதுல போதை ஒரு பகுதி மட்டும்தான், மிச்சம் வேலை, குடும்பம், பணம், சேர்க்கைன்னு போகும்.

நம்ம மாவட்டத்துக்கு நான் இன்னொண்ணு சேப்பேன், எந்த மாசம் கேக்குறீங்கங்கிறது. ஜூன்ல மழை பிடிச்சா பால் வெட்டு நின்னுரும், நம்ம மேற்குக் கரையில விசைப்படகு மீன்பிடிக்கும் ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரை தடை, கடல் வேலைக்கும் போக முடியாது, அப்போ மே மாசம் போட்ட மார்க்க வெச்சுட்டு ஜூலைல முடிவெடுத்தா அது தப்பாத்தான் போகும். வெட்டு இருக்கிற நாள்லயும் விடியுறதுக்கு முன்ன தொடங்கி காலையிலயே வேலை தீந்துரும், அப்புறம் முழுப் பகலும் சும்மா, அந்த வெத்து நேரந்தான் எனக்குப் பயம்.

ஏன்னா மூளை பொருளை மட்டும் இல்ல, இடத்தையும் சேத்துப் படிச்சு வெச்சிருக்கும். பழைய கூட்டாளியோட பைக் சத்தம், பீடி வாசம், அந்த முக்கு, இதப் பாத்த உடனேயே, இழுக்கதுக்கு முன்னாடியே டோபமைன்ங்கிற, ஆசையத் தூண்டுற மூளை ரசாயனம் எழும்பும், அதுதான் இழுக்கணும்ங்கிற அந்த அரிப்பு. சபதமெல்லாம் அப்போ ஞாபகத்துக்கே வராது.

சரி, யூரின் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிருமே? அங்கதான் வில்லங்கம். கஞ்சாச் சத்து கொழுப்புல தங்கும், தினமும் இழுத்தவன் நிறுத்துன பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம், அதனால ஒரு ரிசல்ட்ட வெச்சு "மறுபடி தொடங்கிட்டான்"னு எழுதிரக் கூடாது, அடுத்தடுத்து எடுத்து அளவு இறங்குதான்னு பாக்கணும், நிறைய தண்ணி குடிச்சா சாம்பிள் நீத்துப் போயிரும்ங்கிறதால கிரியேட்டினினையும் (யூரின்ல எப்பவும் இருக்கிற கழிவு, சாம்பிள் எவ்வளவு நீத்திருக்குன்னு காட்டும்) சேத்துப் பாக்கணும்.

ஒரு தடவ சறுக்குறதும் முழுசா விழுறதும் ஒண்ணில்ல. ஆனா சறுக்குனவன் "சோலி முடிஞ்சு, இனி என்னத்துக்கு அடக்கணும்"னு நினைக்கான் பாருங்க, அந்த நினைப்புதான் அவனைத் தள்ளி விடுது. அதனால மார்க் கூடுச்சுன்னா உடனே பாண்ட ரத்து பண்ண ஓடாம, ட்ரீட்மெண்ட்ல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் கேக்க வேண்டியது சின்னச் சின்ன விஷயம்: வெட்டுக்கூலி யாரு கையில போகுது, அந்த முக்கு வழியா இல்லாம வீட்டுக்குப் போக வேற ரோடு உண்டா, மழை மாசத்துல பகல் பத்து மணிக்கு மேல எங்க இருப்பான்.