பெனிட்ரேஷன்: ஊடுருவலா, உட்புகலா?

ஒரு பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, பளு ஏறும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிடுவது பைனைட் எலிமென்ட் சிமுலேஷன். அதில் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டிய இரண்டு பாகங்களில் ஒன்றின் பரப்பு மற்றதன் பரப்பைத் தாண்டி உள்ளே போயிருந்தால், அந்தத் தூரத்துக்குப் பெனிட்ரேஷன் என்று பெயர். மில்லிமீட்டரில் சொல்லலாம், வண்ணப்படமாகவும் பார்க்கலாம். தோட்டா தகட்டைத் துளைக்கும்போது உலோகம் கிழிகிறது. இங்கே எதுவும் கிழிவதில்லை. ஒரே இடத்தில் இரண்டு திடப்பொருள்கள் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது, அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன் வினையான பெனெத்ராரே. அதற்கு நெருங்கிய உறவுச் சொல்லான பெனுஸ், வீட்டின் உள்ளறையில் சேமித்து வைக்கும் உணவுப்பொருளைக் குறித்தது. ரோமானியர் வீட்டுத் தெய்வங்களைப் பெனாத்தேஸ் என்று அழைத்ததும் இதே குடும்பச் சொல்தான். ஆக, வேரில் இருப்பது உள்ளே போவது என்ற பொருள். துளைப்பது என்ற பொருள் பிறகு அழுத்தம் பெற்றது.

தமிழில் நாம் யோசிக்காமல் எழுதுவது ஊடுருவல். ஊடு என்றால் நடு, உள்ளிடம். ஊடுபயிரில் இருப்பது அதுதான். உருவு என்பதற்குத் துளைத்து அந்தப் பக்கம் போதல் என்று பொருள் உண்டு. ராமனின் அம்பு ஏழு மராமரங்களை ஊடுருவியது, எக்ஸ் கதிர் தசையை ஊடுருவுகிறது என்றால் சொல் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் இங்கே பேசுவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போய் நின்றுவிடும் ஒரு கணுவை, அதாவது எலிமென்டுகள் சந்திக்கும் ஒரு புள்ளியைப் பற்றி. அதற்கு உட்புகல் போதும். தொடுகை உட்புகல் என்று முழுதாக எழுதினால் குழப்பமே இல்லை. வெல்டிங்கில் உலோகம் உருகி இறங்கும் ஆழத்துக்கு ஊடுருவல் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே உண்மையிலேயே ஒரு நிகழ்வு நடக்கிறது.

சரி, நிஜத்தில் நடக்காத ஒன்று கணக்கில் ஏன் வருகிறது? தொடுகையின் விதி எளிமையானது: இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, தொடும் பரப்புகள் தள்ளலாமே தவிர இழுக்கக்கூடாது, இடைவெளி இருக்கும் இடத்தில் அழுத்தம் இருக்கக்கூடாது. இத்தாலியரான அன்டோனியோ சிக்னோரினி 1933இல் முன்வைத்த கணக்கின் சாரம் இதுதான். கணினிக்கு இந்த 'கூடாது'கள் பிடிக்காது. எந்தக் கணு தொடும், எது தொடாது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் பெரும்பாலான மென்பொருள்கள் பெனால்டி முறையை, தமிழில் தண்ட முறையை, கையாள்கின்றன. எல்லை தாண்டும் கணுவைத் தடுப்பதில்லை. தாண்டிய தூரத்துக்கு ஏற்றபடி ஒரு கற்பனைச் சுருள்வில்லால் திருப்பித் தள்ளுகின்றன. தள்ளும் விசை, வில்லின் விறைப்பை உட்புகலால் பெருக்கினால் வருவது. உட்புகல் பூஜ்யமானால் விசையும் பூஜ்யம். அதாவது இந்த முறையில் கொஞ்சமாவது உள்ளே போனால்தான் தொடுகை விசையே பிறக்கும். முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்று நினைப்பது வீண்.

கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு என்பதுதான். பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ள எஃகுக் கனசதுரத்தை 1,000 நியூட்டன் விசையால் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தகைவு, அதாவது பரப்பின் மீது பரவும் விசை, ஒரு சதுர மி.மீட்டருக்கு 10 நியூட்டன். எஃகு எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகம் அதே அலகில் ஏறத்தாழ 2,00,000. எனவே கட்டை 0.0005 மி.மீ. சுருங்கும். தொடுகை விறைப்பு மி.மீட்டருக்கு 10 லட்சம் நியூட்டன் என்று கொடுத்தால் உட்புகல் 0.001 மி.மீ. கேட்பதற்குத் தூசு மாதிரி இருக்கிறது, ஆனால் கட்டையின் சுருக்கத்தைப் போல் இரு மடங்கு! விறைப்பை 10 கோடியாக ஏற்றினால் 0.00001 மி.மீ., அதாவது சுருக்கத்தில் 2 சதவீதம். இது பரவாயில்லை. அப்புறம் இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன என்று தோன்றும். கணினி விடையைப் பல சுற்றுகளில் தேடுகிறது. வில் அளவுக்கு மீறி விறைத்தால், ஒரு சுற்றில் தொட்ட கணு அடுத்த சுற்றில் எகிறும், மறுபடி தொடும். தீர்வு ஒரு விடையில் ஒடுங்காமல் அலைபாயும். சில மென்பொருள்கள் அனுமதிக்கும் உட்புகலை எலிமென்டின் ஆழத்தில் ஒரு பங்காக வைப்பதால், எலிமென்டுகளின் வலையான மெஷ் பருமனாக இருந்தால் அவை எச்சரிக்காமல் மௌனமாக இருந்துவிடும். அந்த மௌனத்தை நம்ப வேண்டாம்.

எல்லா உட்புகலும் தண்டத்தால் வருவதில்லை. 25 மி.மீ. ஆரமுள்ள துளையின் சுற்றளவை நேர்கோட்டு விளிம்புள்ள 36 துண்டுகளாக்கினால், ஒவ்வொரு விளிம்பின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து சுமார் 0.095 மி.மீ. உள்ளே விழும். உள்ளே வரும் தண்டின் கணுக்கள் அதற்கு நேராக அமைந்தால், நீங்கள் வரைந்த 0.02 மி.மீ. இடைவெளி காணாமல் போய், பளு வைக்கும் முன்பே தொடக்க உட்புகல் வந்துவிடும். வில்லை இறுக்கி இதைத் தீர்க்க முடியாது. மெஷ்ஷைத்தான் நுணுக்க வேண்டும்.

இன்னொன்று வெறும் கண்மயக்கு. பல மென்பொருள்கள் உருமாற்றத்தைத் தாமாகவே பல மடங்கு பெருக்கிக் காட்டும். படத்தில் போல்ட் தகட்டுக்குள் புதைந்திருக்கும், எண்ணைப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. பெருக்கிக் காட்டும் அளவை 1 என்று மாற்றிய பிறகு பதறலாம்.

தண்டில் பேரிங்கை இறுக்கி ஏற்றும்போது நிலைமை தலைகீழ். அங்கே தண்டு துளையைவிட வேண்டுமென்றே பெரிது. வரைபடத்திலேயே பரப்புகள் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். அதை உட்புகல் என்று எழுதாமல் இறுக்கப் பொருத்தத்தின் மிகையளவு என்று தனியாகச் சொல்வது நல்லது. மென்பொருளுக்கும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்க உட்புகலைச் சரிசெய் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், அது தண்டின் கணுக்களைப் பின்னுக்கு நகர்த்திவிடும், பேரிங் இறுக்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.