போனில் பேஸ் கேட்கவில்லை என்று ஏற்றாதீர்கள்

பேஸை (bass, பாட்டின் தாழ்ந்த ஒலி) ஏற்றிய ஒரு பாட்டு இந்த வாரமும் மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் வேலை) வந்தது. “அண்ணா, போன்ல பேஸே கேக்கல, அதான் ஏத்திட்டேன்” என்று தம்பி எழுதியிருந்தார். 50 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் ஏற்றம். போனில் பேஸ் இன்னும் கேட்கவில்லை. பேஸ் விழும் ஒவ்வொரு இடத்திலும் பாடகியின் குரல்தான் அமுங்கி அமுங்கி எழுகிறது. காதுக்கு வராத பேஸுக்காக, ஒலி எல்லை மீறாமல் அமுக்கும் லிமிட்டர் குரலையும் சேர்த்து அழுத்துகிறது. காரில் போட்டால் கதவு அதிர்கிறது, பாட்டு வரி புரியவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. 8 டெசிபல் ஏற்றினாலும் வராது, 18 ஏற்றினாலும் வராது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் ஆகிற வேலை இல்லை இது.

அப்புறம் எப்படிச் சில பாடல்களில் மட்டும் போனிலும் பேஸ் கேட்கிறது? அங்கே கேட்பது ஹார்மோனிக்ஸ். அதாவது 41 என்ற அடிச்சுரத்தின் மேல் 82, 123, 164 என்று போகும் மடங்குகள். அவற்றில் மேலே உள்ளவை கேட்டாலே போதும், அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். பழைய லேண்ட்லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆண் குரலின் அடிச்சுரம் 100, 120 பக்கம், அதாவது அது கம்பியில் போகவே இல்லை. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்டது?

எனவே பேஸ் ட்ராக்கை நகல் எடுங்கள். நகலில், ஒலியைச் சிதைத்து ஹார்மோனிக்ஸை உண்டாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு, அதன்பின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அசலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாருங்கள். தனியாகக் கேட்டால் கரகரவென்று அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். கலந்தபின் பேஸ் ஒலி மெலிந்தால், இரண்டு ட்ராக்கின் அலைகளும் ஒத்துப்போகாமல் ஃபேஸ் (phase) மாறியிருக்கிறது என்று பொருள், நகலின் போலாரிட்டியைத் (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். 808 (டிரம் மெஷினின் தாழ்ந்த பேஸ் ஒலி) கிட்டத்தட்ட வெறும் சைன் அலை, அதாவது மேல் மடங்குகள் இல்லாத ஒற்றைச் சுரம். அதற்கு இது இன்னும் அவசியம்.

அறையும் ஏமாற்றும். 10க்கு 10 அறை, உயரமும் 10 அடி என்றால் மூன்று பக்கமும் 56 ஹெர்ட்ஸில் ஒன்றாக ஒத்ததிரும். நடுவில் உட்கார்ந்தால் அதே 56 காணாமல் போகும். இல்லை என்று நினைத்து ஏற்றுவீர்கள், வெளியே அது குமுறும். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் அடங்காது. மூலைகளில் கனமான ராக்வூல் (கல் நார்ப் பஞ்சு) வேண்டும்.

மிக்ஸை மோனோவில் (இடது வலது ஒலியை ஒன்றாக்கி) கேளுங்கள். சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். காரில் ஒரு முறை, மலிவான இயர்போனில் ஒரு முறை. மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டரை எடுத்துவிடுங்கள். பேஸை மட்டும் தனி ஃபைலாகச் சேர்த்து அனுப்புங்கள், தயவுசெய்து. ஒட்டிப்போன மிக்ஸிலிருந்து பேஸைப் பிரித்துக் குரலைக் காப்பாற்றுவது பெரும்பாடு.